எல்லையை இழந்த கோட்பாடு

1965 மார்ச் 24. தென்வியத்நாமின் டாநாங் கடற்கரையில் அமெரிக்க மரீன் படையினர் சுமார் 3,500 பேர் இறங்கிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. வாஷிங்டனில் பாதுகாப்புத் துறை உதவிச் செயலர் ஜான் மக்நாட்டன், தம் அமைச்சர் ராபர்ட் மக்னமாராவுக்கு ஒரு குறிப்பைத் தயாரித்தார். எதற்காகச் சண்டையிடுகிறோம் என்பதை அதில் சதவீதம் போட்டே பிரித்திருந்தார். அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க, அதாவது காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்த நாடு என்ற பெயர் கெடாமலிருக்க 70 சதவீதம். தென்வியத்நாமும் அதன் அக்கம்பக்கமும் சீனாவின் கைக்குப் போகாமல் தடுக்க 20 சதவீதம். தென்வியத்நாம் மக்கள் இன்னும் நல்ல, சுதந்திரமான வாழ்க்கை வாழ 10 சதவீதம்.

1971-இல் பென்டகன் ஆவணங்கள் என்ற, வியத்நாம் போர் பற்றிய ரகசிய ஆய்வு வெளியானபோது இந்தக் குறிப்பும் வெளியே வந்தது. படிப்பவர் கண் அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தில்தான் போய் நிற்கும். மக்களின் சுதந்திரத்துக்காக என்று ஊரறியச் சொல்லப்பட்ட போரில் மக்களுக்கு உரிய பங்கு பத்தில் ஒன்று. ஆனால் ஆராய்ச்சிக்கு உரியது அந்த 70 சதவீதம். பெரிய தொழில்வளம் எதுவும் இல்லாத ஒரு விவசாய நாட்டில், உலகின் மிகப் பணக்கார வல்லரசின் மானம் எப்படி அடகு போனது? 1945-இல் வாஷிங்டனில் யாரையாவது நிறுத்தி, அமெரிக்காவின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் ஒருவரும் சைகோனைச் சொல்லியிருக்கமாட்டார்கள். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஒரு கருத்து வளர்ந்த விதத்தில்தான் விடை இருக்கிறது.

அமெரிக்காவில் படைகளுக்குத் தலைவர் ஜனாதிபதி. பணப்பெட்டியின் சாவியோ காங்கிரஸிடம். போரை அறிவிக்கும் அதிகாரத்தையும் அரசியல் சட்டம் காங்கிரஸுக்குத்தான் தந்திருக்கிறது. ஆகவே அந்நாட்டில் வெளியுறவுக் கோட்பாடு என்று பெயர் பெறுவதில் பெரும்பகுதி ஒரு வக்கீல் வாதம். ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு நெருக்கடிக்குப் பணமோ அனுமதியோ தேவைப்படுகிறது. அதைப் பெறுவதற்காக உலகம் முழுமைக்கும் பொருந்தும் ஒரு தத்துவம் பேசப்படுகிறது. நெருக்கடி தீர்ந்துபோகிறது, தத்துவம் தங்கிவிடுகிறது. அடுத்து வருபவர் அதை எடுத்துக்கொள்ளும்போது, முதலில் உதிர்ந்துபோவது அதை எழுதியவர் மனத்தில் வைத்திருந்த எல்லை.

மன்றோ கோட்பாட்டுக்கே இதுதான் நடந்தது. 1823 டிசம்பர் 2 அன்று ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ காங்கிரஸுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில் சில பத்திகள்தாம் அவை. அவற்றின் கருத்துக்குப் பெரும்பங்கு உரியவர் வெளியுறவு அமைச்சர் ஜான் குவின்சி ஆடம்ஸ். அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் இனிப் புதிதாகக் குடியேற்ற நாடுகளை ஏற்படுத்தக் கூடாது, நாங்களும் ஐரோப்பியச் சண்டைகளில் தலையிடமாட்டோம் என்பது அதன் சாரம். அப்போது அதை அமல்படுத்தும் கப்பல் பலம் அமெரிக்காவிடம் இல்லை. பிரிட்டனின் கடற்படைதான் தன் வணிகத்துக்காக அதைக் காத்தது. 1904-இல் தியோடர் ரூஸ்வெல்ட் இதற்கு ஒரு பின்னிணைப்பு எழுதினார். தென்பகுதி நாடுகள் கடனைக் கட்டாமலும் ஒழுங்கில்லாமலும் நடந்தால், அமெரிக்காவே காவல்காரனாக உள்ளே போகும் என்றார். அடுத்த ஆண்டே டொமினிக்கன் குடியரசின் சுங்க வசூல் அமெரிக்கர் கைக்கு வந்தது. ஹெய்ட்டியில் 1915-இல் நுழைந்த மரீன் படை 1934 வரை வெளியேறவில்லை. பிறர் தலையிடக் கூடாது என்று எழுதிய வாசகம், எண்பது ஆண்டுகளில் தான் தலையிடும் உரிமைக்குப் பட்டாவானது.

இருபதாம் நூற்றாண்டில் இதே கதை இன்னும் பெரிய அளவில், இன்னும் தெளிவான சான்றுகளோடு நடந்தது. அதன் மையத்தில் இருப்பவர் ஜார்ஜ் கென்னன்.

1946 பிப்ரவரியில் மாஸ்கோவின் அமெரிக்கத் தூதரகத்தில் தூதர் இல்லை. பொறுப்பில் இருந்தவர் 42 வயதான கென்னன். சளி, காய்ச்சல், பல்வலி என்று படுத்த படுக்கை. சர்வதேச நிதியத்திலும் உலக வங்கியிலும் சோவியத் ஒன்றியம் ஏன் சேர மறுக்கிறது என்று வாஷிங்டனிலிருந்து ஒரு விசாரணை வந்தது. அவர்களே கேட்டுவிட்டார்கள், இனி முழுவதையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்த கென்னன், படுக்கையில் இருந்தபடியே செயலரிடம் சொல்லி எழுதவைத்தார். பிப்ரவரி 22 அன்று போன அந்தத் தந்தி ஐயாயிரம் சொல்லுக்கு மேல், ஐந்து பகுதிகள். ரஷ்ய ஆட்சியாளருக்கு வெளியுலகின் மேல் உள்ள அச்சம் மார்க்சியத்துக்கும் முந்தியது, உள்நாட்டுக் கொடுங்கோன்மையை நியாயப்படுத்த அவர்களுக்கு ஒரு வெளிப்பகை தேவைப்படுகிறது, எதிர்ப்பு பலமாக இருந்தால் ஒதுங்கிப்போவார்கள், அதற்குப் பெரும்பாலும் போரே வேண்டாம் என்றெல்லாம் அதில் விளக்கியிருந்தார். கடைசிப் பகுதி அமெரிக்காவை நோக்கியது. நம் சமூகத்தின் ஆரோக்கியமே நமக்குப் பெரிய அரண், எதிரியைச் சமாளிக்கப் போய் அவனைப் போலவே ஆகிவிடுவதுதான் பெரிய ஆபத்து என்று எச்சரித்தார்.

அந்தக் கடைசிப் பகுதியை எத்தனை பேர் கவனமாகப் படித்தார்களோ தெரியாது. கடற்படை அமைச்சர் ஜேம்ஸ் ஃபாரஸ்டல் தந்தியைப் படியெடுத்து அதிகாரிகள் எல்லாருக்கும் சுற்றுக்கு விட்டார். மாஸ்கோ மேல் ஏற்கெனவே எரிச்சலில் இருந்த வாஷிங்டனுக்கு அந்த எரிச்சலை விளக்கும் ஓர் அறிவார்ந்த வடிவம் கிடைத்தது. தந்தி ஒன்று கொள்கையை மாற்றிவிட்டது என்று இதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. கேட்கத் தயாராக இருந்த காதில்தான் அது விழுந்தது.

கேட்கத் தயாராக இல்லாத காதுக்குப் போன ஒரு தந்தியும் உண்டு. நமக்கு அது பக்கத்து வீட்டுக் கதை. 1971 ஏப்ரல் 6 அன்று டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், தம் சகாக்கள் இருபது பேர் கையெழுத்திட்ட ஓர் எதிர்ப்பை வாஷிங்டனுக்கு அனுப்பினார். கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவம் நடத்தும் படுகொலையைக் கண்டும் காணாமல் இருப்பது ஒழுக்கக்கேடு என்றது அது. ஜனாதிபதி நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் அப்போது பாகிஸ்தான் வழியாகச் சீனாவுக்கு ரகசியப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். கென்னன் தம் தந்திக்குப் பிறகு வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டுப் புகழ் பெற்றார். பிளட்டும் அழைக்கப்பட்டார்; பணியாளர் நிர்வாகப் பிரிவில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்குள் வந்தபோது கிஸ்ஸிங்கர் தரப்பில் சொல்லப்பட்ட நியாயமும் மக்நாட்டனின் அந்த 70 சதவீதம்தான்: கூட்டாளியைக் கைவிட்டால் சீனா நம்மை எப்படி மதிக்கும்?

1947-க்குத் திரும்புவோம். பிப்ரவரி 21 அன்று பிரிட்டிஷ் தூதரகம் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் இரண்டு குறிப்புகளைக் கொடுத்தது. மார்ச் 31-க்குப் பிறகு கிரீஸுக்கும் துருக்கிக்கும் உதவ எங்களிடம் பணமில்லை என்பது செய்தி. கிரீஸில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை அமெரிக்கா நிரப்ப வேண்டுமென்றால் 40 கோடி டாலர் வேண்டும். காங்கிரஸோ குடியரசுக் கட்சியின் பிடியில். வரியைக் குறைப்போம், செலவைக் குறைப்போம் என்று சொல்லித் தேர்தலில் வென்று வந்தவர்கள் அவர்கள்.

பிப்ரவரி 27 அன்று வெள்ளை மாளிகையில் காங்கிரஸ் தலைவர்களைக் கூட்டினார் ஜனாதிபதி ட்ரூமன். வெளியுறவு அமைச்சர் மார்ஷல் தம் இயல்புப்படி வறட்சியாக விஷயத்தைச் சொன்னார். பிரிட்டனின் சுமையை நாம் ஏன் தூக்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று கேள்விகள் கிளம்பின. காரியம் கெடப்போகிறது என்று கண்ட துணை அமைச்சர் டீன் ஆச்சிசன் பேச அனுமதி கேட்டார். ஒரு பீப்பாயில் ஓர் ஆப்பிள் அழுகினால் மற்றவையும் அழுகுவதுபோல, கிரீஸ் போனால் ஈரானும் அதற்குக் கிழக்கேயுள்ள எல்லாமும் கெடும், எகிப்து வழியாக ஆப்பிரிக்காவும், இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஐரோப்பாவும் தொற்றுக்கு ஆளாகும் என்று விவரித்தார். செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர் ஆர்தர் வாண்டன்பர்க் அசந்துபோனார். இதே பாணியில் காங்கிரஸிடம் பேசினால் ஆதரிக்கிறேன் என்றார். அமெரிக்க மக்களை நடுநடுங்கவைத்தால்தான் பணம் கிடைக்கும் என்று அவர் ட்ரூமனிடம் சொன்னதாக ஒரு பேச்சும் வழங்கிவருகிறது. அவர் வாயிலிருந்து அந்தச் சொற்களே வந்தனவோ இல்லையோ, நடந்தது அதுதான்.

மார்ச் 12 அன்று ட்ரூமன் ஆற்றிய உரை கிரீஸோடு நிற்கவில்லை. ஆயுதமேந்திய சிறுபான்மையினரோ வெளிச்சக்திகளோ அடக்க முயலும்போது எதிர்த்து நிற்கும் சுதந்திர மக்களை ஆதரிப்பது அமெரிக்காவின் கொள்கையாக இருக்க வேண்டும் என்றது. எந்த மக்கள், எந்த இடம், எதுவரை என்ற வரையறையே இல்லை. உரையின் வரைவை முன்கூட்டியே பார்த்த கென்னன் ஆட்சேபித்தார். கிரீஸுக்கு உதவுவதில் அவருக்குத் தடையில்லை. துருக்கியில் உள்நாட்டுக் கலகமே இல்லாதபோது ராணுவ உதவி எதற்கு என்றும், உலகம் முழுக்கப் பொருந்தும் வாக்குறுதி எதற்கு என்றும்தான் கேட்டார். ஆட்சேபம் எடுபடவில்லை. செனட்டில் 67-க்கு 23, பிரதிநிதிகள் சபையில் 287-க்கு 107. பணம் கிடைத்தது.

அவ்வாண்டு ஜூலையில் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழில் எக்ஸ் என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் கென்னன் என்பதைப் பத்திரிகையாளர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். சோவியத் விரிவாக்கத்தைப் பொறுமையோடும் உறுதியோடும் நீண்ட காலம் கட்டுப்படுத்தினால், அந்த அமைப்பு தன் உள்முரண்களாலேயே தளரும் அல்லது உடையும் என்றார். சோவியத் எங்கெங்கே அழுத்துகிறதோ அங்கங்கே எதிர் அழுத்தம் தர வேண்டும் என்றும் எழுதினார். இந்த இடத்தில்தான் வால்டர் லிப்மன் பிடித்துக்கொண்டார். அக்காலத்தில் அமெரிக்காவின் முதல்தரப் பத்தி எழுத்தாளர் அவர். தொடர்ந்து எழுதிய பத்திகளில் கென்னனைக் கிழித்தார். எங்கே மோதுவது என்பதை எதிரி தீர்மானிப்பான், நாம் உலகைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆட்சி நடத்தத் தெரியாத பலவீனமான வாடிக்கை நாடுகளை முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டிவரும் என்றார். வியத்நாம் என்ற பெயரை அமெரிக்கர் பலர் கேள்விப்பட்டேயிராத 1947-இல் எழுதியது அது.

விசித்திரம் என்னவென்றால், லிப்மன் சொன்னதில் பெரும்பகுதி கென்னனுக்கும் உடன்பாடுதான். அவருடைய கணக்கில் உலகில் பெரும்போர் நடத்தும் தொழில்வலிமை கொண்ட மையங்கள் ஐந்தே: அமெரிக்கா, பிரிட்டன், ரைன் பள்ளத்தாக்கு, ஜப்பான், சோவியத் ஒன்றியம். ஐந்தாவது மையம் மற்ற நான்கில் எதையும் விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கருவியும் பெரும்பாலும் பணமும் அரசியலும்தான். சுமார் 1,300 கோடி டாலர் செலவில் மேற்கு ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டம் அதற்கு உதாரணம். இந்த எல்லையைக் கட்டுரையில் அவர் எழுதவில்லை. ராணுவக் கட்டுப்படுத்தலைச் சொல்லவில்லை, அரசியல் கட்டுப்படுத்தலைத்தான் சொன்னேன் என்று இருபது ஆண்டு கழித்துத் தம் நினைவுக் குறிப்புகளில் வருந்தினார். தன் ஆயுள் முழுக்கத் துல்லியமான உரைநடைக்குப் பெயர் பெற்ற ஒருவர், ஒரே ஒரு கட்டுரையில் செய்த கவனக்குறைவு அது. கட்டுரை தெளிவாக இருந்திருந்தால் வரலாறு மாறியிருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், அடுத்து வந்த ஆவணம்.

1949 ஆகஸ்டில் சோவியத் அணுகுண்டைச் சோதித்தது. அக்டோபரில் சீனாவில் மாவோ ஆட்சி. 1950 ஜனவரியில் வெளியுறவுத் துறையின் கொள்கைத் திட்டப் பிரிவுத் தலைமை கென்னனிடமிருந்து பால் நிட்சேக்குப் போனது. முன்பு பங்குச்சந்தை முதலீட்டு நிறுவனத்தில் இருந்தவர் நிட்சே. எதிரியின் உள்நோக்கம் என்ன என்று கென்னன் கேட்பார். எதிரியிடம் எத்தனை ஆயுதம் என்று நிட்சே எண்ணுவார். அவர் தலைமையில் தயாராகி ஏப்ரலில் ட்ரூமன் மேசைக்கு வந்தது என்.எஸ்.சி. 68 என்ற மிக ரகசிய அறிக்கை. சுதந்திர நிறுவனங்கள் எந்த மூலையில் தோற்றாலும் அது எல்லா இடத்திலும் தோற்றதாகும் என்றது அது. மக்நாட்டனின் 70 சதவீதத்துக்கு விதை இந்த வாசகத்தில் இருக்கிறது. ஐந்து மையம், முக்கியம், முக்கியமில்லை என்ற பாகுபாடெல்லாம் போயிற்று. எல்லா இடமும் உயிர்நிலை.

அறிக்கையின் நடையே ஒரு கொள்கை ஆவணத்தின் நடையாக இல்லை. அடிமைத்தனமும் சுதந்திரமும் மோதும் இறுதிப் போர் என்ற தொனியில் மேடைப் பேச்சாக ஓடுகிறது. ஏன் அப்படி என்பதை, அதற்குள் வெளியுறவு அமைச்சராகிவிட்டிருந்த ஆச்சிசனே பிற்பாடு தம் நினைவுக் குறிப்புகளில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்: அரசின் மேல்மட்டத்தார் மண்டையில் அடித்து உறைக்கவைப்பதே நோக்கம், அதற்காக உண்மையைக் கொஞ்சம் கூர்தீட்ட வேண்டியிருந்தது. இன்னொரு விவரமும் சுவையானது. இத்தனை பெரிய திட்டத்துக்கு என்ன செலவாகும் என்று அறிக்கையில் ஓர் எண்கூட இல்லை. ஆண்டுக்கு 4,000 கோடி டாலர் ஆகும் என்பது நிட்சேயின் கணக்கு. அதை அறிக்கையில் போட வேண்டாம் என்று ஆச்சிசன் சொல்லிவிட்டதாக நிட்சே பின்னாளில் சொன்னார். அப்போதைய பாதுகாப்பு பட்ஜெட்டின் உச்சவரம்பு 1,350 கோடி.

ட்ரூமன் சிக்கனக்காரர். கையெழுத்துப் போடவில்லை; செலவு என்ன என்று கேட்டுத் திருப்பினார். ஜூன் 25 அன்று வடகொரியப் படை 38-வது இணைகோட்டைத் தாண்டியது. அவ்வாண்டு ஜனவரியில்தான் ஆச்சிசன், ஆசியாவில் அமெரிக்கா காக்கும் தற்காப்பு வளையத்தை அறிவித்திருந்தார். கொரியா அதற்கு வெளியே இருந்தது. வளையத்துக்கு வெளியே இருந்த நாட்டுக்கு ஐந்தே மாதத்தில் அமெரிக்கப் படை போயிற்று. செப்டம்பர் 30-இல் ட்ரூமன் என்.எஸ்.சி. 68-ஐ ஏற்றார். பாதுகாப்புச் செலவு மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. போர் முடிந்த பிறகும் பழைய மட்டத்துக்கு இறங்கவே இல்லை. அறிக்கையை மக்கள் கண்ணால் பார்த்தது 1975-இல்.

கென்னனைத் தீர்க்கதரிசியாக்கி, மற்றவர்களை மடையர்களாக்கி இந்தக் கதையை முடித்துவிடலாம். ஆவணங்கள் அதற்கு இடங்கொடுப்பதில்லை. 1948 பிப்ரவரியில் அவர் எழுதிய உள் அறிக்கை ஒன்று உண்டு. உலகச் செல்வத்தில் சுமார் 50 சதவீதம் நம்மிடம், மக்கள்தொகையிலோ நாம் 6.3 சதவீதம்தான், இந்த ஏற்றத்தாழ்வைக் காத்துக்கொள்ளும்படி உறவுகளை அமைப்பதே வரப்போகும் காலத்தில் நம் வேலை, மனித உரிமை, வாழ்க்கைத்தரம் போன்ற மங்கலான பேச்சுகளைத் தூர கிழக்கில் விட்டுவிட வேண்டும் என்கிறது அது. 1950-இல் லத்தீன் அமெரிக்காவைச் சுற்றிவிட்டு வந்தவர், கம்யூனிஸ்டுகளை அடக்க அங்குள்ள அரசுகளின் கடும் ஒடுக்குமுறைதான் வழியென்றால் அதையும் ஏற்கலாம் என்று எழுதினார். சி.ஐ.ஏ.வுக்கு மறைமுக நடவடிக்கைகளில் இறங்க அதிகாரம் தந்த 1948 ஜூன் உத்தரவில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. எப்போதாவது, தவிர்க்க முடியாதபோது பயன்படும் கருவி என்று நினைத்தார். அந்தக் கருவியால் 1953-இல் ஈரானில் பிரதமர் மொசாதிக் கவிழ்ந்தார், 1954-இல் குவாத்தமாலாவில் ஜனாதிபதி ஆர்பென்ஸ் கவிழ்ந்தார். தாம் செய்ததிலேயே பெரிய தவறு அந்த மறைமுக நடவடிக்கைக்கு வழி திறந்ததுதான் என்று 1975-இல் செனட் விசாரணைக் குழுவிடம் கென்னன் சொன்னார்.

இந்த 1948 அறிக்கையைப் படித்தால், வரலாற்றாசிரியர் வில்லியம் ஆப்பிள்மன் வில்லியம்ஸ் சொன்னதுதான் சரியோ என்று தோன்றும். சந்தைகளைத் திறந்துவைக்கும் தேவையே அமெரிக்கக் கொள்கையின் உள்நரம்பு, தத்துவமெல்லாம் மேற்பூச்சு என்பது 1959-இல் வந்த அவருடைய நூலின் வாதம். குவாத்தமாலாவின் வாழைத் தோட்டங்களுக்கும் ஈரானின் எண்ணெய்க்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. வியத்நாமுக்கு வரும்போது சறுக்குகிறது. அங்கே கொட்டிய பணத்துக்கு ஈடான சந்தை எதுவும் இல்லை. லாபக் கணக்குப் போட்டிருந்தால் அமெரிக்கா 1965-இல் உள்ளே போயிருக்காது.

ஆச்சிசனின் ஆப்பிள் 1954-இல் டோமினோவாக மாறியது. ஏப்ரல் 7 அன்று பத்திரிகையாளர் சந்திப்பில் ஜனாதிபதி ஐசனோவர், வரிசையாக நிற்கும் டோமினோ கட்டைகளில் முதலாவதைத் தட்டினால் கடைசிக் கட்டையும் விழும் என்றார். பத்து ஆண்டு கழித்து, 1964 ஜூனில், இதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்ற கேள்வி ஜனாதிபதி ஜான்சன் அரசுக்கு எழுந்தது. சி.ஐ.ஏ.வின் மதிப்பீட்டு வாரியம் பதில் தந்தது: லாவோஸும் தென்வியத்நாமும் போனால், கம்போடியா ஒன்றைத் தவிர, அந்த வட்டாரத்தில் வேறு எந்த நாடும் சீக்கிரம் கம்யூனிசத்துக்குப் போகும் என்று தோன்றவில்லை. பதினோரு ஆண்டு கழித்து நடந்தது ஏறக்குறைய இதேதான். தாய்லாந்தும் மலேசியாவும் விழவில்லை. 1978 டிசம்பரில் கம்யூனிஸ்ட் வியத்நாம் கம்யூனிஸ்ட் கம்போடியாவுக்குள் படை நடத்தியது. 1979 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் சீனா வியத்நாமைத் தாக்கியது.

ஆக, சொந்த உளவுத்துறையின் மதிப்பீடு கையில் இருந்தது. அது வந்த இரண்டு மாதத்தில், வியத்நாமில் படையைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியது. அறியாமையால் போருக்குப் போனார்கள் என்று சொல்ல முடியாதபடி செய்கிறது இந்த வரிசை. டோமினோ உண்மையா என்பது அவர்களுக்கு இரண்டாம் கேள்வியாகிவிட்டது. உண்மை என்று நான்கு ஜனாதிபதிகள் ஊரறியச் சொல்லிவிட்டார்கள். ஆகவே உண்மைபோல நடந்தாக வேண்டும். இல்லையென்றால் மற்ற வாக்குறுதிகளை யார் நம்புவார்கள்? சீனாவை இழந்தவர் என்று ட்ரூமனுக்குக் கிடைத்த பழி, வியத்நாமை இழந்தவர் என்று தமக்கும் வருமோ என்ற பயமும் ஜான்சனை விடவில்லை.

1966 பிப்ரவரி 10 அன்று செனட்டர் ஃபுல்பிரைட்டின் வெளியுறவுக் குழுமுன் கென்னன் சாட்சி சொன்னார். நாம் ஏற்கெனவே உள்ளே போகாதிருந்தால், இப்போது போவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை என்றார். தவறான நிலையிலிருந்து துணிந்து விலகுகிறவனுக்கு உலகில் மரியாதை கூடத்தான் செய்யும், பிடிவாதக்காரனுக்கு இல்லை என்றார். வெளியே போய் அரக்கர்களைத் தேடித் தேடிக் கொல்லும் நாடல்ல அமெரிக்கா என்று 1821-இல் பேசிய ஜான் குவின்சி ஆடம்ஸை நினைவூட்டினார். மன்றோ கோட்பாட்டுக்குக் கருத்துத் தந்த அதே ஆடம்ஸ். கட்டுப்படுத்தும் கொள்கையின் தந்தை, அதன் பேரால் நடக்கும் போரை எதிர்த்து நின்ற அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்க நாடே காத்திருந்தது. சி.பி.எஸ். நிறுவனம் அதை ஒளிபரப்பாமல், 'ஐ லவ் லூசி' என்ற பழைய நகைச்சுவைத் தொடரின் மறு ஒளிபரப்பைப் போட்டது. விளம்பர வருமானம் காரணம். செய்திப் பிரிவுத் தலைவர் ஃப்ரெட் ஃப்ரெண்ட்லி வேலையை விட்டு விலகினார். அமெரிக்கா இன்னும் ஏழு ஆண்டு போரிட்டது. அமெரிக்கர் மட்டும் 58,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

வியத்நாம் தோல்விக்குப் பின் எல்லையைத் திரும்ப வரைய ஒரு முயற்சி நடந்தது. அதை முன்னெடுத்தவர்கள் பேராசிரியர்களோ சமாதானவாதிகளோ இல்லை, பென்டகன்காரர்கள். 1983 அக்டோபரில் பெய்ரூட் பாசறைக் குண்டுவெடிப்பில் 241 அமெரிக்கப் படையினர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு, பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பர்கர் ஆறு நிபந்தனைகளை வைத்தார். உயிர்நிலையான நலன் உண்டா, வெல்லும் எண்ணம் உண்டா, குறிக்கோள் தெளிவா, அதற்கேற்ற படை உண்டா, மக்கள் ஆதரவு உண்டா, வேறு வழியே இல்லையா. அவருக்கு ராணுவ உதவியாளராக இருந்த காலின் பவல், வியத்நாமில் போரிட்டவர். 1991 வளைகுடாப் போரில் இதைச் செயலில் காட்டினார். குவைத்தை மீட்டதோடு படை நின்றது, பாக்தாத்துக்குப் போகவில்லை. பெட்டியில் பூட்டிவைக்கவா இவ்வளவு பெரிய ராணுவம் என்ற பொருளில், அப்போது ஐ.நா. தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட் ஒரு முறை கேட்டபோது தமக்கு ரத்தநாளமே வெடித்துவிடும்போல இருந்தது என்று பவல் எழுதியிருக்கிறார். பவல் போட்ட கட்டு பத்து ஆண்டுகூடத் தாங்கவில்லை.

1992 மார்ச்சில் பென்டகனின் திட்ட வழிகாட்டி வரைவொன்று 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்குக் கசிந்தது. பாதுகாப்புத் துறையின் உயரதிகாரி பால் வுல்ஃபோவிட்ஸின் அலுவலகத்தில் தயாரானது. சோவியத் போய்விட்டது, இனி எங்குமே ஒரு போட்டி வல்லரசு தலையெடுக்கவிடக் கூடாது என்பது அதன் கரு. கூச்சல் எழுந்ததும் வாசகங்களை மென்மையாக்கினார்கள். எதிரியைக் கட்டுப்படுத்தப் பிறந்த அமைப்பு, எதிரி போனபின் எதிரியே வராமல் தடுப்பதைத் தன் வேலையாக வைத்துக்கொண்டது. நேட்டோவை ரஷ்ய எல்லை நோக்கி விரிப்பது பனிப்போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கொள்கையின் மிகப் பெரிய பிழையாகும் என்று 1997 பிப்ரவரியில் 92 வயதில் கென்னன் எழுதினார். 1999 மார்ச்சில் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் சேர்ந்தன. இவ்விஷயத்தில் கென்னன் கிழக்கு ஐரோப்பியரின் அச்சத்தை மதிப்பிடத் தவறினார் என்பதே என் எண்ணம். வார்சாவில் இருப்பவருக்கு அந்தக் கூட்டணி ஒரு தத்துவமாகப் படவில்லை, பூட்டுப் போட்ட கதவாகப் பட்டது.

2002 செப்டம்பரில் புஷ் அரசின் தேசியப் பாதுகாப்பு உத்தி வெளியானது. எதிரியின் அச்சுறுத்தல் முழுதாக உருப்பெறும் முன்பே தாக்குவோம் என்றது. இதற்குச் சர்வதேசச் சட்டத்தில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. அதை வகுத்தவர்களில் ஒருவர் அமெரிக்கரே. 1837 டிசம்பரில் கனடாக் கலகக்காரருக்கு உதவிய கரோலின் என்ற அமெரிக்க நீராவிப் படகைப் பிரிட்டிஷ் படை நயாகரா ஆற்றில் கொளுத்தியது. தற்காப்பு என்றது பிரிட்டன். வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆபத்து அந்தக் கணத்திலேயே தலைமேல் நிற்க வேண்டும், யோசிக்க நேரமோ வேறு வழியோ இருக்கக் கூடாது, அப்போதுதான் முந்தித் தாக்கலாம் என்றார். 2003-இன் ஈராக்கை அந்த அளவுகோலில் வைத்தால் பக்கத்தில்கூட வராது. போருக்கு முந்தைய செப்டம்பரில், 98 வயது கென்னன் வாஷிங்டனில் நிருபர்களிடம் பேசினார். ஒன்றை மனத்தில் வைத்துப் போரைத் தொடங்குவீர்கள், கடைசியில் முற்றிலும் வேறொன்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்றார். இதைக் காங்கிரஸ் தீர்மானிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அடுத்த மாதம் காங்கிரஸ் தீர்மானித்தது: சபையில் 296-க்கு 133, செனட்டில் 77-க்கு 23. புஷ் கேட்டது கிடைத்தது.

இதைவிடச் சின்ன ஆவணம் ஒன்று இதைவிட நீண்ட நிழலைப் போட்டிருக்கிறது. 2001 செப்டம்பர் 14 அன்று, இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மூன்றாம் நாள், காங்கிரஸ் ஜனாதிபதிக்குப் படையைப் பயன்படுத்தும் அதிகாரம் தந்தது. அதன் செயல்பகுதி ஆங்கிலத்தில் 60 சொல். அத்தாக்குதலைத் திட்டமிட்டவர், நடத்தியவர், உதவியவர், அவர்களுக்குப் புகலிடம் தந்தவர் என்று ஜனாதிபதி தீர்மானிக்கும் நாடுகள், அமைப்புகள், ஆட்கள்மேல் அவர் படையை ஏவலாம். இடம் குறிப்பிடவில்லை, முடியும் நாளும் இல்லை. செனட்டில் 98-க்கு 0, சபையில் 420-க்கு 1. அந்த ஒரு எதிர்வாக்கு கலிபோர்னியாவின் பார்பரா லீயுடையது; டோன்கின் தீர்மானத்தை நினைவூட்டி, இது வெற்றுக்காசோலை என்றார் அவர். வந்த கொலைமிரட்டல்களால் அவருக்குக் காவல் போட வேண்டியிருந்தது.

அல்-காய்தாவும் தலிபானுமே அப்போது காங்கிரஸ் மனத்தில் இருந்தவர்கள். சட்ட வாசகத்தில் இல்லாத 'கூட்டுப் படைகள்' என்ற ஒரு வகையை அரசு வழக்கறிஞர்கள் விளக்கமாகச் சேர்த்தார்கள். சட்டம் யேமனுக்கும் சோமாலியாவுக்கும் போயிற்று. 2014-இல் ஐ.எஸ். அமைப்பின் மேல் குண்டு போட ஒபாமா அரசு முக்கியமாகக் காட்டிய ஆதாரமும் இதே 60 சொல்தான். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் அல்-காய்தா அந்த அமைப்பைத் தன்னிடமிருந்து வெளியேற்றியிருந்தது. 2017 ஜூனில் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில், இந்தச் சட்டத்தை எட்டு மாதத்தில் காலாவதியாக்கும் திருத்தத்தை லீ கொண்டுவந்தார். குடியரசுக் கட்சியினர் பலரும் சேர்ந்து அதை ஏற்றார்கள், அறையில் கைதட்டல்கூட எழுந்தது. அடுத்த மாதம் சபை வாக்கெடுப்புக்கு வருவதற்கு முன்பே விதிகள் குழுவில் அந்தத் திருத்தம் மசோதாவிலிருந்து எடுக்கப்பட்டது.